திரையின்றித் தொடரும் பணி

நுழையும்முன்

வீட்டிலுள்ளோர் உறங்கிய பின்னும் ஓயாமல் உழைக்கும் கருவிகளுள் ஒன்றாக இன்று சேமிப்பு வழங்கியும் இடம்பெற்றுள்ளது. அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை, எதிரே அமர்ந்து இயக்குபவரும் இல்லை. ஆனால், திரையில் சாளரம் விரித்துச் சுட்டியின் சொடுக்கிற்குக் காத்திருக்கும் மென்பொருளையும் அதில் இரவு பகலாக இயக்க முடிகிறது. அது எவ்வாறு இயல்கிறது என்பதையும், அவ்வாறு இயக்குவோர் எதனைக் காக்க வேண்டும் என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

வீட்டுச் சேமிப்பு வழங்கி

ஒளிப்படங்கள், காணொலிகள், மின்னூல்கள், சான்றிதழ்ப் படிகள் முதலியன பல கருவிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் தொகுத்து, வீட்டின் எல்லாக் கருவிகளுக்கும் வலையமைப்பின் வழியே வழங்கும் சிறு கணினியே சேமிப்பு வழங்கி ஆகும். செயலி, நினைவகம், ஒன்றோ பலவோ வன்தட்டுகள் ஆகியன அதனுள் அடங்கும். சினாலஜி போன்ற நிறுவனங்கள் இதனைத் தனிக்கருவியாகவே விற்கின்றன. பழைய கணினியில் ஓப்பன்மீடியாவால்ட் என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவியும் இதனை அமைத்துக்கொள்ளலாம். இவை இரண்டிலும் அடித்தளமாக இருப்பது லினக்ஸ்.

இருவகை மென்பொருள்கள்

வழங்கிக்கெனவே எழுதப்பட்ட மென்பொருள்கள் திரையை நாடுவதில்லை. கணினி தொடங்கியதும் அவை பின்னணியில் எழுந்து, கேட்பவருக்குக் கேட்டதை வழங்கிக்கொண்டிருக்கும். மேசைக்கணினிக்கென எழுதப்பட்ட வரைகலை மென்பொருளின் இயல்பு வேறு. சாளரத்தை வரைய ஒரு திரை கிடைக்காவிடில் அது தொடங்கவே மறுக்கும். பயனர் வெளியேறினால் அவருடைய திரை அமர்வோடு அதுவும் முடிந்துவிடும்.

தெரியுமா?

பின்னணியில் இயங்கும் மென்பொருளை யூனிக்ஸ் மரபில் 'டீமன்' என்பர். 1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இப்பெயர் வழக்கிற்கு வந்தது. மூலக்கூறுகளை ஓயாது பிரித்துக்கொண்டிருப்பதாக இயற்பியலறிஞர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த 'பூதமே' இப்பெயருக்கு மூலம்.

ஓர் எடுத்துக்காட்டு

காலிபர் என்பது மின்னூல்களைத் தொகுத்து ஆளும் கட்டற்ற மென்பொருள். 2006இல் கோவித் கோயல் என்பவர் இதனை எழுதத் தொடங்கினார். சோனி நிறுவனத்தின் மின்னூல் படிப்பானை லினக்ஸ் கணினியோடு இணைக்க வழியில்லாமையே இம்முயற்சிக்குக் காரணமாயிற்று. நூலின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் திருத்துதல், ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றுதல் ஆகியவற்றை இது செய்கிறது. நூல்களைப் பற்றிய குறிப்புகள் அனைத்தும் ஒரே தரவுத்தளக் கோப்பில் இருக்கும்.

காலிபர் நூலகத்தை வலையமைப்பு வட்டில் வைத்துக்கொண்டு மடிக்கணினியிலிருந்து இயக்க வேண்டா என அதன் கையேடே அறிவுறுத்துகிறது. ஒரு கோப்பில் ஒருவர் எழுதும்போது பிறர் எழுதாதவாறு தடுக்கும் பூட்டுமுறை, வலையமைப்பின் வழியே எப்போதும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. எழுதும் வேளையில் இணைப்பு அறுந்தால் தரவுத்தளம் சிதையக்கூடும். பல ஆண்டுகளாகச் சேர்த்த நூல்கள் வட்டில் இருந்தாலும், எந்நூல் எங்குள்ளது என்னும் ஒழுங்கு குலைந்துவிடும்.

இதற்குத் தீர்வு, தரவைத் தேடி மென்பொருள் செல்வதே. கிணறு இருக்குமிடத்தில்தான் ஏற்றம் அமைக்க வேண்டும். நூல்கள் இருக்கும் வழங்கியிலேயே காலிபரை இயக்கினால், எழுதுவதும் எழுதப்படுவதும் ஒரே கணினிக்குள் அமைகின்றன. ஆனால், அந்த வழங்கிக்குத் திரை இல்லையே!

இல்லாத திரையை உண்டாக்குதல்

இதற்கான விடை, 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர முறைமையில் உள்ளது. இம்முறைமையில் மென்பொருள் தானே திரையில் வரைவதில்லை. 'இங்கே ஒரு சாளரம் வேண்டும், இங்கே ஓர் எழுத்து வேண்டும்' எனக் காட்சி வழங்கி என்னும் மற்றொரு மென்பொருளிடம் அது கேட்கிறது. அக்காட்சி வழங்கி உண்மைத் திரையில்தான் வரைய வேண்டும் என்பதில்லை. நினைவகத்தின் ஒரு பகுதியைத் திரையாகக் கொண்டு அதிலும் வரையலாம். இதுவே மெய்நிகர் திரை. திரை இருப்பதாகவே கருதி மென்பொருள் இயங்கும்.

நினைவகத்தில் வரைந்த காட்சியை நாம் காண்பதற்கு வி.என்.சி. என்னும் முறை துணைபுரிகிறது. 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஆய்வகம் ஒன்றில் இது உருவானது. மெய்நிகர் திரையின் காட்சியை இது வலையமைப்பின் வழியே நமக்கு அனுப்புகிறது. நம் சொடுக்குகளையும் விசையழுத்தங்களையும் வழங்கிக்குக் கொண்டுசெல்கிறது. இன்று இக்காட்சியை இணைய உலாவியிலேயே காணலாம். உலாவியை மூடினாலும் மென்பொருள் நிற்பதில்லை. பார்வையாளர் எழுந்து சென்றாலும் மேடையில் கூத்து தொடர்வது போன்றது இது.

காட்சி வழங்கியிலேயே வரையப்படுவதால் எழுத்துருவும் அங்கேயே இருத்தல் வேண்டும். நம் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தும், வழங்கியில் அது இல்லையெனில் நூல்தலைப்புகள் வெற்றுக் கட்டங்களாகவே தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை அங்கு நிறுவினால் இக்குறை நீங்கும்.

கொள்கலனும் களஞ்சியமும்

மென்பொருள், மெய்நிகர் திரை, அவற்றிற்குத் தேவையான துணைக் கோப்புகள் ஆகிய யாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி இயக்கும் முறையைக் கொள்கலன் முறை என்பர். 2013இல் வெளியான டாக்கர் இம்முறையைப் பரவலாக்கியது. மின்தடைக்குப் பின் வழங்கி மீண்டும் எழுந்தால், கொள்கலனும் தானே தொடங்குமாறு விதி அமைக்கலாம். மின்சாரம் வந்ததும் வழங்கி தானே எழுமாறும் அதன் அமைப்பில் குறிக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று விடுபட்டாலும் தொடர்ச்சி அறும்.

கொள்கலன் நிலையற்றது. புதிய பதிப்பிற்காகப் பழைய கொள்கலனை நீக்கும்போது அதனுள் இருந்தவையும் நீங்கும். எனவே, நூலகத்தையும் அமைப்புக் குறிப்புகளையும் கொள்கலனுக்கு வெளியே, வன்தட்டின் கோப்புறையில் வைத்து, கொள்கலனோடு இணைத்தல் வேண்டும். மென்பொருள் அழியலாம், களஞ்சியம் அழியலாகாது. அக்கோப்புறைக்கு மட்டும் உரிமையுள்ள பயனராக மென்பொருளை இயக்குதல் நன்று. முழு அதிகாரம் கொடுத்தால், ஒரு பிழை வழங்கி முழுவதையும் தாக்கக்கூடும்.

காக்க வேண்டியவை

இத்தகைய கொள்கலன்கள் சிலவற்றில் தொடக்கத்தில் கடவுச்சொல்லே இருப்பதில்லை. அத்திரையை இணையத்திற்குத் திறந்துவிட்டால், முகவரியை அறிந்த எவரும் நம் சுட்டியைத் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, கடவுச்சொல் இடுவதோடு, வெளியூரிலிருந்து அணுக மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்துவதே தக்கது.

ஒரே தரவை இரு வன்தட்டுகளில் பதியும் முறையைக் காப்புப்படி எனப் பலர் கருதுகின்றனர். ஒரு தட்டு பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆனால், தவறுதலாக ஒரு நூலை அழித்தால் இரண்டு தட்டுகளிலும் அது ஒருசேர அழியும். வேறொரு கருவியில், இயன்றால் வேறோர் இடத்தில் வைக்கப்படும் படியே உண்மையான காப்புப்படி. தடையில்லா மின்வழங்கி இருப்பின், எழுதும் வேளையில் மின்சாரம் நின்றாலும் வழங்கி தன் பணியை முடித்து முறையாக அணையும்.

தேவையும் தெளிவும்

நூல்களைப் படிப்பதற்கும் பதிவிறக்குவதற்கும் மட்டும் காலிபர் தேவையெனில், அதனோடு வரும் திரையற்ற வழங்கியே போதுமானது. நினைவகமும் மின்சாரமும் மிச்சமாகும். சாளரத்தில் செய்தாக வேண்டிய பணி இருந்தால் மட்டுமே மெய்நிகர் திரையை நாட வேண்டும். மென்பொருள் ஓயாமல் இயங்குவது அதனளவில் சிறப்பன்று. அது எதற்காக விழித்திருக்கிறதோ அந்தக் களஞ்சியம் நலமாக இருப்பதே சிறப்பு. மென்பொருள்கள் மாறும், வழங்கிகள் பழுதாகும். அவை மாறிய பின்னும் களஞ்சியம் அடுத்த தலைமுறையின் கையில் சேருமாயின், திரையின்றித் தொடர்ந்த பணி பயனுடையதாகும்.

கற்பவை கற்றபின்

1. மெய்நிகர் திரை, காட்சி வழங்கி, கொள்கலன் ஆகியவற்றின் தொடர்பை விளக்கப்படமாக வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
2. உங்கள் வீட்டில் மின்கோப்புகளாக உள்ள இன்றியமையா ஆவணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் காப்புப்படி எங்குள்ளது எனக் குறிப்பிடுக.

குறுவினா

உலாவியை மூடிய பின்னும் மென்பொருள் தொடர்ந்து இயங்குவது ஏன்?

சிறுவினா

'கிணறு இருக்குமிடத்தில்தான் ஏற்றம் அமைக்க வேண்டும்' என்னும் தொடரைக் காலிபர் எடுத்துக்காட்டின் வழி விளக்குக.

நெடுவினா

'மென்பொருள் அழியலாம்; களஞ்சியம் அழியலாகாது' என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.