தண்ணீர் வற்றினால் மோட்டார் தானே நிற்க வேண்டும்

மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் கண்ணுக்குத் தெரியும். போர்வெல்லில் நீர் வற்றிய பிறகும் சப்மெர்சிபிள் மோட்டார் ஓடினால் யாருக்கும் தெரியாது. பெரிய செலவு வைப்பது அதுதான். எம்.சி.பி. பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். மின்னோட்டம் அளவு மீறினால்தான் அது விழும். தண்ணீரை ஏற்றாமல் சுற்றும் மோட்டாருக்கோ பளு குறைவு. ஆம்பியர் ஏறாது, இறங்கும். மோட்டாரைக் குளிர்விப்பதும் அந்தத் தண்ணீர்தான் என்பதால், அது இல்லாதபோது சீல் தேய்கிறது, காயில் சூடேறிக் கருகுகிறது. ஆம்பியர் இறங்குவதைக் கண்டதும் மோட்டாரை நிறுத்துவது டிரை ரன் ப்ரிவென்டர். ஸ்டார்ட்டர் பெட்டியோடு அதை இணைத்துவிடலாம்.

டைமர் போதுமே என்பார்கள். டைமர் நேரத்தைத்தான் பார்க்கும், தண்ணீரைப் பார்க்காது. மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் தாங்கிய ஊற்று சித்திரையில் பாதி நேரம்கூடத் தாங்காது. தொட்டி வழியாமலிருக்க மிதவை சுவிட்ச் வேறு வேண்டும். மிதவைக்குப் பதில் சென்சார் கம்பிகள் வைத்தால், உப்புத் தண்ணீரில் அவற்றில் படிவு ஏறி வேலை கெடும் என்ற குறை நியாயமானதே. அவ்வப்போது துடைத்துத்தான் ஆக வேண்டும். சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் மோட்டாரை நேரடியாக மாட்டாதீர்கள். கிளம்பும்போது மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், பிளக் உருகிவிடலாம். பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான காண்டாக்டர் வழியாகவே இணைப்புக் கொடுக்க வேண்டும். டிரை ரன் ப்ரிவென்டரைப் பொருத்தும் நாளில், தண்ணீர் நன்றாக வரும்போது எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே கட்-ஆஃப் வைக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.