மொத்த வரியை ஏன் மறைத்தீர்கள்?



மோட்டார் பம்பு விநியோகஸ்தருக்கு நீங்கள் செய்து கொடுத்த பவர் பிஐ அறிக்கையை நேற்று இரவு பிரித்துப் பார்த்தேன். நிறம், எழுத்துரு பற்றியெல்லாம் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. ‘விற்பனை – இலக்கு’ பக்கத்தில் மொத்த வரியை அணைத்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் தூங்க விடவில்லை.

போட்டுப் பார்த்தேன். வகைவாரி இலக்குகளைக் கூட்டினால் ஒரு தொகை, மொத்த வரியில் வேறொரு தொகை. உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் மறைத்திருக்கிறீர்கள். விற்பனை அட்டவணையையும் இலக்கு அட்டவணையையும் ‘வகை’ பத்தியால் பல-பல உறவில் நேராக இணைத்துவிட்டு, வரிகளுக்கான வகையை விற்பனையிலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். ஒன்றுகூட விற்காத வகைக்கு அங்கே பெயரே இல்லை. அதன் இலக்கு எந்த வரியிலும் வராது, மொத்தத்தில் மட்டும் இருக்கும். ஒன்று-பல உறவென்றால் சேராதவற்றுக்கு ஒரு வெற்று வரியாவது காட்டும். பல-பல உறவில் அந்த உபகாரமும் இல்லை. முதலாளி முதலில் பார்க்க வேண்டிய வகை எதுவோ, அதுவே அறிக்கையில் காணோம்!

வகைகளுக்குத் தனி அட்டவணை போட்டு, இரண்டையும் அதோடு இணையுங்கள். விற்பனையைத் தனியாகக் கூட்டுங்கள், இலக்கைத் தனியாகக் கூட்டுங்கள், கடைசியில் கழியுங்கள். தரவுக் கிடங்கு வடிவமைப்பில் பெயர்பெற்ற ரால்ஃப் கிம்பல் ஓயாமல் வலியுறுத்தியது இதைத்தான். நானும் ஓயப்போவதில்லை.

கணினி வராத காலத்தில் ஒரு தணிக்கையாளரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகாத நாளில் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப எல்லோருக்கும் ஆசை வரும். பெரியவர் விடமாட்டார். ஒன்பதால் வகுத்துப் பார் என்பார். மீதியில்லாமல் வகுபட்டால் 54 எங்கோ 45 ஆகியிருக்கலாம். பாதியாக்கிப் பார் என்பார். அந்தத் தொகை பேரேட்டில் இருந்தால், பற்று வரவில் விழுந்திருக்கலாம். வித்தியாசம் வந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு களை வரும், துப்பு கிடைத்த போலீஸ்காரரைப் போல.

அடுத்தது, வெற்று மதிப்பு. வெற்றிலிருந்து 5-ஐக் கழித்தால், பவர் பிஐயின் சூத்திர மொழியான டாக்ஸ் -5 என்றே சொல்லும். அதனால் இன்னும் பிறக்காத மாதங்களிலெல்லாம் முழு இலக்கும் பற்றாக்குறையாகச் சிவந்து நிற்கிறது. வெற்றா என்று சோதிக்கும் இஸ்பிளாங்க் போட்டு அழித்துவிடுகிறேன் என்பீர்கள். அழித்தால், போன மாதம் ஒன்றும் விற்காத வகையும் கூடவே அழியும். வடிகட்டிகளை நீக்கி விற்பனையின் கடைசித் தேதியை எடுங்கள். அதற்குப் பிந்திய மாதங்களை மட்டும் காலியாக விடுங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனால் மாத இலக்கை வேலை நாட்களுக்குப் பங்கிட்டு ஓர் அளவீடு எழுதியிருக்கிறீர்களே, அபாரம்! இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. ஞாயிறையும் பொங்கலையும் எல்லோரும் கழிப்பார்கள். நீங்கள் தீபாவளிக்கு மறுநாளையும் கழித்திருக்கிறீர்கள். கடையே திறந்திருந்தாலும் அன்றைக்குப் பம்பு வாங்க யார் வரப்போகிறார்கள்? அந்த அளவீட்டைக் கேட்காமலே என் கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொண்டேன்.