பிள்ளை வாய் திறக்கும்போது



2018-ல் அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி மாதக்கணக்கில் பாலியல் கொடுமைக்கு ஆளானாள். செய்தவர்கள் லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, பிளம்பர் என்று அன்றாடம் பார்த்துப் பழகிய முகங்கள். பிள்ளை தன் அக்காவிடம் சொன்ன பிறகே வெளியே தெரிந்தது. 17 பேர் கைதாயினர். 2020 பிப்ரவரியில் போக்சோ சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது.

நம் பல்லாவரத்திலும் பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் ஓதுவதற்கும் வேனிலும் ஆட்டோவிலும் போய்வருகிறார்கள். எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு வகைத் தொல்லையைச் சொன்னார்கள். அவர்களில் ஆண் பிள்ளைகளும் சரிபாதி. பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏன் சொல்வதில்லை? சொன்னால் நாம் கேட்பதில்லை. "மாமுவைப் பற்றி அப்படிப் பேசாதே" என்று அதட்டுகிறோம். விருந்தாளிக்கு முத்தம் கொடுக்க மறுக்கும் பிள்ளையை, மரியாதை தெரியாதது என்கிறோம். திடீரென ஓதப் போக மாட்டேன் என்றாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கினாலோ, கையில் கணக்கில்லாத காசு இருந்தாலோ, அடிக்கும் முன் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். சிறுவர்கள்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது சூரா அந்நூர். பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொல்கிறது ஹதீஸ். உடல், மறைவு பற்றிப் பிள்ளையிடம் பேசுவது வெட்கக்கேடு என்பவர்கள் இவற்றை மறுபடி ஓதிப் பார்க்கட்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்கிறோம். மானம் போய்விடும் என்று ஜமாஅத்தில் பேசி, மன்னிப்புக் கேட்கவைத்து முடிக்கிற விஷயமல்ல இது. 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராயினும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளியோ மத்ரஸாவோ, நிர்வாகி தன் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை.

ஸ்டேஷனுக்குப் பிள்ளையை எப்படி அழைத்துப்போவது என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். அழைத்துப்போக வேண்டியதில்லை. வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வருவார். பெயரையும் படத்தையும் பத்திரிகைகள் வெளியிடச் சட்டத்தில் தடை உண்டு. 1098 இரவிலும் இயங்கும், கட்டணமில்லை. அந்த எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள்.