திடீர் முதுகுவலியும் ஆசிட்ரோம் மாத்திரையும்

கேள்வி: இதய வால்வு மாற்றிய எங்கள் அப்பச்சி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் முதுகுத்தண்டில் ரத்தம் கசியும் என்கிறார் பங்காளி ஒருவர். உண்மையா?
– வாசகர், வலையபட்டி

பதில்: உண்மைதான், ஆனால் மிக அபூர்வம். இதைக் கேட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து.

அடியே படாமல் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அதை நெரிப்பதை 1869-லேயே ஜாக்சன் என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். கழுத்திலோ நடுமுதுகிலோ கத்தியால் குத்தியதுபோல் 'சுரீர்' என்று வலி கிளம்பும். சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கால் மரத்து, தளர்ந்து, சிறுநீர் கட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் இதைப் 'பிடிப்பு' என்று தைலம் தேய்த்து, டைக்ளோஃபெனாக் ஒன்றும் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அந்த மாத்திரை ரத்தக்கசிவை இன்னும் தூண்டும்.

மருத்துவர்களே ஏமாறும் இடமும் உண்டு. ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் விழுந்தால் பக்கவாதம் போலவே இருக்கும். பக்கவாதம் என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் விபரீதம்தான். முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, ஆனால் கழுத்துவலியோடு தொடங்கியது என்றால் தண்டுவடத்தையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை: வைட்டமின் கே, பிளாஸ்மா போன்றவற்றால் ஆசிட்ரோமின் வேகத்தை முறிப்பார்கள், கால் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் செய்து ரத்தக்கட்டியை எடுப்பார்கள். 12 மணி நேரத்துக்குள் செய்தால் தேறும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே இப்படித் திடீர் வலி வந்து கால் மரத்தால் உடனே 108-ஐ அழையுங்கள். நரம்பியல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரை அட்டையும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் கடைசி ஐ.என்.ஆர். சோதனைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.