நாரிச் கோபுரத்து வல்லூறுகள்: ஜூனில் போங்கள்

பொரி வல்லூறு குஞ்சு வளர்ப்பதை நேரில் பார்க்க ஆசையா? இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நாரிச் நகருக்குப் போங்கள். ஜூன் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் போங்கள். ஏப்ரலில் போய்விடாதீர்கள். அப்போது பெட்டை முட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கீழே நிற்கிறவர்களுக்குக் கோபுரம்தான் மிஞ்சும். மார்ச் கடைசியில் மூன்று, நான்கு முட்டை, ஒரு மாதத்துக்குச் சற்று மேல் அடைகாத்தல், மே தொடக்கத்தில் வெள்ளைப் பஞ்சு போர்த்த குஞ்சுகள். அதிலிருந்து ஆறு வாரம் எண்ணிக்கொள்ளுங்கள். குஞ்சுகள் முதன்முதலாகச் சிறகை நம்பிக் கால் எடுக்கும் அந்த நாட்களுக்காகத்தான் இந்தப் பயணம்.

இடம், நாரிச் கதீட்ரல். 1096-இல் கட்டத் தொடங்கிய பேராலயம். அதன் கூர்ங்கோபுரம் 96 மீட்டர். இங்கிலாந்தில் இதைவிட உயரமான தேவாலயக் கூர்ங்கோபுரம் சால்ஸ்பரியில் மட்டும்தான். பொரி வல்லூறு குச்சி பொறுக்கிக் கூடு கட்டுகிற பறவை அல்ல. செங்குத்துப் பாறையின் விளிம்பில் சரளையைக் காலால் கீறி, அந்தக் குழியில் முட்டையிடும். அதன் கண்ணுக்குக் கதீட்ரலும் ஒரு பாறைதான். ஆனால் கோபுர விளிம்பில் சரளை கிடையாது, முட்டை உருண்டுவிடும். அதனால் 2011-இல் ஹாக் அண்ட் ஔல் டிரஸ்ட் என்ற அமைப்பு, தரையிலிருந்து சுமார் 75 மீட்டர் உயரத்தில் சரளை பரப்பிய ஒரு மேடையைப் பொருத்தியது. மறுவருடமே அங்கே குஞ்சுகள் பறந்தன.

போவது எளிது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நேர் ரயில், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். டிக்கெட்டை சில வாரங்களுக்கு முன்பே எடுங்கள், அன்றைக்குப் போய் எடுத்தால் விலை கடிக்கும். பஸ்ஸும் உண்டு, மலிவு, நேரம் அதிகம். வழியில் செம்ஸ்ஃபோர்டு வரும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள்: ‘தி பெரிக்ரின்’ என்ற புகழ்பெற்ற நூலை 1967-இல் வெளியிட்ட ஜே. ஏ. பேக்கர் வாழ்ந்த ஊர் அது. அதைச் சுற்றியுள்ள வயல்களிலும் கழிமுகங்களிலும்தான் அவர் பல குளிர்காலங்கள் இந்தப் பறவையின் பின்னால் அலைந்தார். நாரிச்சில் இறங்கியதும் டாக்ஸி வேண்டாம். வென்சம் ஆற்றங்கரையோடு நடந்து, புல்ஸ் ஃபெரி என்ற பழைய படகுத்துறை வாசல் வழியாகக் கதீட்ரல் வளாகத்துக்குள் நுழையுங்கள். கால் மணி நேர நடை. கோபுரம் மரங்களுக்கு மேலே முழுசாக எழும்பி நிற்பது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

வளாகத்தில், குஞ்சு வளர்க்கும் பருவத்தில் தன்னார்வலர்கள் ஸ்கோப் வைத்து நிற்பார்கள். நேரங்கள் வருடத்துக்கு வருடம் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை, உண்டியலில் போடுங்கள், மனசாரப் போடுங்கள். பொறுமையில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தக் குஞ்சு முந்திரிக்கொட்டை, எது பயந்தாங்கொள்ளி என்று ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்வார்கள். உங்கள் பைனாகுலரையும் கொண்டு போங்கள். ஸ்கோப்பில் மேடை மட்டும் தெரியும், வானம் தெரியாது. நடப்பதில் பாதி வானத்தில்தான் நடக்கிறது.

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கதீட்ரலை ஒட்டிய சதுர நடைமண்டபம். நான்கு பக்கமும் வளைவுகள், நடுவில் திறந்த புல்வெளி. அதன் ஓரத்தில் நின்று அண்ணாந்தால் கோபுரம் தலைக்கு நேர் மேலே போகிறது. ஜூன் மாலையில், ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் அந்த நீண்ட மாலையில், கற்கள் தேன் நிறத்துக்கு மாறும். பெரிய பறவை ஒன்று கோபுர முனையைச் சுற்றி வரும்போது அதன் நிழல் அந்தக் கல்லின்மேல் ஓடும். உலகத்தில் எத்தனையோ நல்ல இடங்களில் பறவை பார்த்திருக்கிறேன்; இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லமாட்டேன். மண்டபம் மூடும் நேரத்தை மட்டும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். முதலில் புறாக்களைக் கவனியுங்கள். சாவகாசமாக உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரே நொடியில் வெடித்துக் கிளம்பினால், உடனே மேலே பாருங்கள். ஆண் வேட்டையிலிருந்து திரும்புகிறது. அது பெட்டையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியது, பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும். குஞ்சுகள் சின்னதாக இருக்கும்வரை வேட்டை பெரும்பாலும் அதன் பொறுப்பு. இரையோடு வரும் ஆணைப் பெட்டை காத்திருந்து எதிர்கொள்ளும். ஆண் இரையை நழுவவிட, பெட்டை அந்தரத்திலேயே மல்லாந்து புரண்டு காலால் பற்றிக்கொள்ளும். கண் சிமிட்டினால் போயிற்று. இரையைத் துரத்திக் குத்திட்டுப் பாயும்போது இந்தப் பறவையின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும், உலகில் வேறெந்த உயிரும் அவ்வளவு வேகம் போவதில்லை. அப்படிப்பட்ட பறவை, குஞ்சின் வாயில் இறைச்சியை நார் நாராகக் கிழித்து, அலகு நுனியால் ஊட்டும். அந்தப் பொறுமையைப் பார்க்க ஸ்கோப் வரிசையில் காத்திருங்கள்.

குஞ்சுகள் பழுப்பு இறகு முளைத்ததும் மேடை விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகும். அப்போது தாய் தகப்பன் ஊட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். இரையைக் காலில் தொங்கவிட்டபடி மேடைக்கு முன்னால் மெதுவாகப் பறந்து காட்டும், கொடுக்காது. மேலேயிருந்து பசி அழுகை இழுத்து இழுத்துக் கேட்கும். ஒரு குஞ்சு தாங்கமுடியாமல் எட்டிப் பாயும். முதல் பறப்பு அநேகமாக அப்படித்தான் நிகழ்கிறது. இறங்கத் தெரியாது, சுவரில் மோதும், கூரை விளிம்பில் சறுக்கும். ஒரு வாரத்தில் அதே குஞ்சுகள் வானத்தில் ஒன்றையொன்று துரத்தி, கால்களைக் கோத்துக்கொண்டு விளையாடும்.

ஒன்றை மட்டும் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இருந்த ஒரு மதியம், காற்றில் நிலைதவறிய குஞ்சு ஒன்று புல்தரை ஓரத்துத் தாழ்ந்த சுவரில் வந்து இறங்கியது. வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு சுற்றுலாக் கூட்டம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. எல்லார் கையிலும் போன். ஒருவர் செல்ஃபிக்காக முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி நெருங்குகிறார், இன்னொருவர் குழந்தையைத் தூக்கிக் குஞ்சின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். மேலே தாய் கெக் கெக் கெக் என்று கத்தியபடி வட்டமடிக்கிறது. தன்னார்வலர்கள் இருவர் கைகளை அகல விரித்துக் கெஞ்சினார்கள். "ஒரே ஒரு படம்" என்று பதில். எனக்கு உடம்பு நடுங்கியது. நானும் இன்னும் சிலரும் தன்னார்வலர்களோடு வரிசையாகக் குறுக்கே நின்றோம். கூட்டம் முணுமுணுத்தபடி கலைய வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகுதான், பயிற்சி பெற்ற ஒருவர் குஞ்சைத் துணியால் மூடி எடுத்து உயரமான கூரையில் கொண்டுபோய் விட முடிந்தது.

தரையில் குஞ்சைப் பார்த்தால் நீங்கள் தொடாதீர்கள், நெருங்காதீர்கள், பின்வாங்கி நின்று தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். கூடு வைத்திருக்கும் பொரி வல்லூறுக்கும் குஞ்சுக்கும் தெரிந்தே தொந்தரவு கொடுப்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம். அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1950-களில் டிடிடி போன்ற பூச்சிமருந்துகள் புறா வழியாக இந்தப் பறவைகளின் உடம்பில் ஏறின. முட்டை ஓடு மெலிந்தது, அடைகாக்கும் தாயின் எடையிலேயே உடைந்தது. ஓடு மெலிந்ததை அருங்காட்சியகங்களில் இருந்த பழைய முட்டைகளோடு ஒப்பிட்டு 1967-இல் நிறுவியவர் டெரக் ராட்கிளிஃப். அங்கிருந்து மீண்டு வந்த இனம் இது. அதன் குஞ்சுக்கு முன்னால்தான் போனை நீட்டுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு நாரிச் சந்தைக்குப் போங்கள், வரி போட்ட வண்ணக் கூரைகளுக்குக் கீழே கடைகள், சூடாக வயிறு நிறையும். ஜூன் என்றாலும் காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுங்கள். புல்லில் விரிக்க ஒரு விரிப்பு அவசியம். மல்லாந்து படுத்துப் பார்த்தால்தான் கழுத்து பிழைக்கும். இரவு தங்க முடிந்தால் மறுநாள் காலை செயின்ட் ஜேம்ஸ் ஹில் மேட்டில் ஏறுங்கள். ஊர் முழுதும் கோபுரமும் கண் எதிரே விரியும், வல்லூறுகள் எந்தத் திசையில் வேட்டைக்குக் கிளம்புகின்றன என்பது அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.

நம் பக்கத்துக்கும் இந்தப் பறவை அந்நியம் அல்ல. இதன் உள்நாட்டு வகையான ஷாஹீன், மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துப் பாறைகளிலும் இலங்கையின் சிகிரியாவிலும் குஞ்சு பொரிக்கிறது. ஆனால் மலை முகட்டில் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் பார்க்கக் கிடைக்கும். வளர்ப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் கீழே நின்று தொடர நகரக் கோபுரம்தான் தோது.

லண்டனிலேயே டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் புகைபோக்கியில் வல்லூறு உட்காரும் என்று உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். தேம்ஸ் கரைக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு தூரத்துப் பறவை ஒன்றைப் பார்ப்பதற்காக ஒரு நாளை வீணாக்காதீர்கள். நாரிச் ஒத்துவரவில்லையென்றால் டார்பி கதீட்ரலுக்குப் போங்கள், அங்கே 2006-லிருந்து மேடை இருக்கிறது. அல்லது லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சால்ஸ்பரி. 1953-க்குப் பிறகு 2014-இல்தான் வல்லூறுகள் அந்தக் கோபுரத்துக்குக் குஞ்சு வளர்க்கத் திரும்பின. எந்த ஊரானாலும் ஜூனிலேயே போங்கள், ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.