சர்வரின் இடைச்சேமிப்பும் அதன் பிழை காணுமாறும்

கல்லூரி அலுவலகம் ஒன்றினை மனத்தில் கொள்வோமாக. உள்ளறையில் பதிவேடுகளை வைத்துக்கொண்டு பதிவாளர் வீற்றிருக்கின்றார். வாயிற் பலகணியில் எழுத்தர் ஒருவர் அமர்ந்துள்ளார். மாணவன் ஒருவன் வந்து, "கட்டணம் செலுத்தக் கடைசி நாள் யாது?" என வினவ, எழுத்தர் உள்ளே சென்று கேட்டு வந்து விடை கூறுகின்றார். கூறியதோடு அமையாது, அவ்விடையை ஒரு சீட்டில் எழுதித் தம் மேசையறையில் வைத்துக்கொள்ளுகின்றார். பின்வரும் நூற்றுவரும் அதனையே வினவுவாராயின் அச்சீட்டினைக் காட்டினாற் போதும்; பதிவாளரைத் தொந்தரவு செய்ய வேண்டுவதில்லை. இணையப் பக்கங்களை வழங்கும் சர்வர்களில் இம்மேசையறைக்கு ஒப்பாக அமைந்ததே கேஷ் எனப்படும் இடைச்சேமிப்பு ஆகும்.

கேஷ் என்பது 'மறைத்து வைத்தல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது. கணினியின் நினைவகத்திற்கு இம்முறையை 1965-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கிய கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ், அதற்கு 'அடிமை நினைவகம்' என்று பெயரிட்டிருந்தார். அப்பெயர் நிலைபெறாது ஒழிந்தமை நன்றே. வலைத்தளங்களுக்கு வாயிலெழுத்தர் வேலையையே தொழிலாகக் கொண்ட மென்பொருள்கள் பின்னர்த் தோன்றின. 2006-இல் நார்வே நாட்டு நாளிதழொன்றின் தளத்திற்கென வெளிவந்த வார்னிஷ் அவற்றுள் ஒன்று.

இவ்வெழுத்தர் செய்யத்தக்க தவறுகள் பலவெனினும், அவற்றுட் பெரும்பாலன இரண்டனுள் அடங்கும். சீட்டுப் பழையதாகிவிடுதல் ஒன்று. சீட்டுப் பிறருடையதாகிவிடுதல் மற்றொன்று. முன்னது தொல்லை, பின்னது கேடு.

முன்னதை யாமே பட்டறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் யாம் பணியாற்றிய ஓரிடத்தில், தேர்வு முடிவுகள் காலை 10 மணிக்கு வெளியாகும் என அறிவிக்கப்பெற்றிருந்தது. மாணவர்க்குப் பொறுமை ஏது? 9.45 தொட்டே தத்தம் பதிவெண்ணை இட்டுப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்ப்பாராயினர். 10 மணிக்கு முடிவுகள் ஏற்றப்பட்டன. சிலர்க்கு முடிவு தெரிந்தது. சிலர்க்கோ, 'முடிவுகள் இன்னும் வெளியாகவில்லை' என்னும் வாசகமே தெரிந்தது. மாணவி ஒருத்தி தான் தேறியதைக் கண்டு, அன்னையிடம் காட்டுவான் வேண்டி மீண்டும் திறந்தபோது முடிவு மறைந்துவிட்டது. கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டனரோ என அவள் நடுங்கித் தொலைபேசியில் அழுத குரல் இன்னும் எம் செவியில் உள்ளது.

அப்பொழுது யாம் செய்தது பெரும் பேதைமை. எது நிகழ்ந்தது என்று நோக்காமல், இடைச்சேமிப்பு முழுவதையும் அழித்துவிட்டோம். மேசையறையைக் கவிழ்த்துக் கொட்டிய எழுத்தர், அடுத்து வந்த ஒவ்வொருவர்க்காகவும் உள்ளறைக்கு ஓட நேர்ந்தது. அத்துணை வினாக்களையும் ஒருங்கே தாங்காது மூலச் சர்வர் இருபது நிமிடம் செயலற்றுக் கிடந்தது. எழுந்த பின்னரும் சிலர்க்குப் பழைய வாசகமே தோன்றியது! இதற்குள் சான்றுகளிற் பாதியை எம் கையாலேயே அழித்துவிட்டிருந்தோம்.

பிறகே செய்ய வேண்டியதைச் செய்தோம். சர்வர் அனுப்பும் ஒவ்வொரு விடைக்கும் முன்னே, படிப்பவர் கண்ணுக்குப் புலனாகாத சில தலைப்பு வரிகள் வருகின்றன. கர்ல் என்னும் கருவியால், அல்லது பிரௌசரிலேயே அமைந்துள்ள ஆய்வுப் பகுதியால், அவற்றைக் காணலாம். அவற்றுள் 'ஏஜ்' என்னும் வரி, சீட்டு எழுதி எத்தனை விநாடி ஆயிற்று என்பதைச் சொல்லும். ஒரே பதிவெண்ணை அடுத்தடுத்து நான்கு முறை கேட்டோம். 40, 2,900, 43, 2,903 என மாறி மாறி வந்தது. ஒரு சீட்டிற்கு ஈரகவை இருத்தல் இயலாது. ஆதலின் வாயிலில் எழுத்தர் இருவர் உளர் என்பது வெளிப்படை. உண்மையும் அதுவே. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள முன்னணிச் சர்வர்கள் இரண்டு நிறுவப்பட்டிருந்தன. யாம் அழித்தது ஒன்றன் சேமிப்பை மட்டுமே. அப்பொழுது மணி 10.40. 2,900 விநாடி பின்னோக்கிக் கணக்கிட்டால் 9.52 ஆகின்றது. முடிவு வெளியாகுமுன் எழுதிய 'இன்னும் இல்லை' என்னும் விடையை, ஏனைப் பக்கங்களைப் போன்றே ஒரு மணி நேரம் வைத்திருக்குமாறு அமைத்திருந்ததே பிழையின் வேர். இல்லை என்பதும் ஒரு விடையே என்பதை அமைத்தவர் எண்ணவில்லை. அமைத்தவர் பிறரல்லர், யாமே.

ஈண்டுத் தலைப்பு வரிகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இடைச்சேமிப்பிற்குரிய விதிகளை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 9111 என்னும் ஆவணம் வகுத்துள்ளது. 'நோ-கேஷ்' என்னும் கட்டளையைச் 'சேமிக்காதே' என்றே பலரும் பொருள் கொள்ளுகின்றனர். அது தவறு. 'சேமித்துக்கொள், ஆயின் மூலச் சர்வரைக் கேட்டு உறுதி செய்யாமற் காட்டாதே' என்பதே அதன் பொருள். சேமித்தலையே தடுப்பது 'நோ-ஸ்டோர்'. ஒரு கட்டளையும் இடாது விட்டால் எழுத்தர் தம் ஊகத்தின்படி நடக்கவும் விதி இடந்தருகின்றது. பக்கம் இறுதியாக மாறியதினின்று கழிந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அதனைப் புதியதென்று கொள்ளுதல் வழக்கம். 300 நாள் மாறாதிருந்த பக்கம் இவ்வாறு 30 நாள் வரை பழைய வடிவிலேயே நிற்கக்கூடும். 'நேற்றே திருத்திவிட்டோமே, ஏன் தெரியவில்லை?' என்று வியப்போர் இக்கணக்கைச் செய்து பார்ப்பாராக.

இனி, இரண்டாவது கேட்டினை நோக்குவாம். "என் பாக்கி எவ்வளவு?" என்று ஒருவன் வினவுகின்றான். எழுத்தர் விடையைச் சீட்டில் எழுதி, தலைப்பில் வினாவை மட்டும் குறிக்கின்றார். வினவியவன் பெயரைக் குறித்திலர். அடுத்தவனும் அதே சொற்களால் வினவுகின்றான். முன்னவன் பாக்கி பின்னவன் கைக்குப் போகின்றது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இதுவே பேரளவில் நிகழ்ந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் கடையின் மீது அன்று தாக்குதல் ஒன்று நடந்தது; பொய்யான வேண்டுகோள்களால் சர்வர்களைத் திணறடிப்பது அதன் நோக்கம். அதனைச் சமாளிக்க இடைச்சேமிப்பு விதிகள் அவசரமாக மாற்றப்பட்டன. இரண்டாம் முறை புகுத்திய விதி பிழையுடையதாய், உள்நுழைந்தவர்க்கே உரிய பக்கங்களையும் சேமித்துப் பிறர்க்குக் காட்டிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 34,000 பேருடைய பக்கங்கள் இவ்வாறு பிறர் கண்ணிற் பட்டிருக்கலாம் என உரிமையாளரான வால்வ் நிறுவனம் பின்னர் அறிவித்தது. அவற்றுட் சிலவற்றில் முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருள்களின் வரலாறு ஆகியன இருந்தன. கடவுச்சொற்களோ அட்டைகளின் முழு எண்ணோ இருக்கவில்லை. பிழையைக் கண்டவுடன் கடையையே மூடிவிட்டனர். மூடியதே தக்கது என்பது எம் கருத்து.

மேற்கூறிய விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. ஆதரைசேஷன் என்னும் வரியோடு வந்த வினாவின் விடையை, வெளிப்படையான இசைவின்றிப் பொதுச் சேமிப்பில் வைத்தலாகாது. ஆனால் பெரும்பாலான தளங்கள் ஆளை அறிவது குக்கியைக் கொண்டே. குக்கிக்கு அத்தகைய காவல் விதியில் இல்லை. எனவே 'பிரைவேட்' அல்லது 'நோ-ஸ்டோர்' என்று பக்கத்தை ஆக்குவோரே எழுதி வைத்தல் வேண்டும்.

ஒருவர் பக்கம் மற்றொருவர்க்குத் தெரிகின்றது என்னும் முறையீடு வருமாயின், அப்பக்கத்தை உடனே மூடி, தலைப்பு வரிகளையும் நேரத்தையும் படியெடுத்துக்கொண்டு, அதன் பின்னரே சேமிப்பை அழித்தல் வேண்டும்; எழுத்தர் எத்துணைப் பேரோ அத்துணைப் பேரிடமும் அழித்தல் வேண்டும். பக்கத்தை மீளத் திறக்குமுன் இரு கணக்குகளை ஆக்கி, இரு பிரௌசர்களில் நுழைந்து, அதே முகவரியை மாறி மாறிக் கேட்டுப் பார்க்க. உள்நுழைந்தவர்க்குரிய விடையில் 'ஏஜ்' என்னும் வரி காணப்படின், அது வாயிலெழுத்தர் மேசையறையினின்று வந்த சீட்டேயாகும். பக்கத்தைத் திறக்கும் காலம் இன்னும் வரவில்லை.