சோலரில் பற்றறி ஏறவில்லையா? வாங்க முன்னம் அளந்து பாருங்கோ!

தங்கச்சிமாரே, தம்பிமாரே! வீட்டில் செய்த சோலர் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் எல்லாரும் முதலில் பழி போடுவது பற்றறி மேல்தான். நேரே கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி வருவார்கள். பிழை வேறெங்கேயாவது இருந்தால் அந்தப் புதுப் பற்றறியும் சில மாதத்தில் படுத்துவிடும். காசு போனதுதான் மிச்சம்.

மின்சாரம் இல்லாமல் சமாளிப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்குப் புதிதில்லை. 1990இல் போரால் கறண்ட் நின்ற பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பற்றறி அப்போது தடைசெய்யப்பட்ட சாமான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, நீர்வேலி வாழைத்தோட்டத்துப் பிள்ளைகளும் சோலர் பக்கம் திரும்பியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நான் சொல்லப்போவது சின்னச் சுற்று ஒன்றுக்கு. 10 வாற் பனல், எல்எம்317 ரெகுலேற்றர், 1என்5822 டயோட், யூபிஎஸ் பெட்டிக்குள் இருக்கிற 12 வோல்ற் 7 அம்பியர்-மணி மூடிய பற்றறி. கையில் ஒரு டிஜிற்றல் மீற்றர் இருந்தால் போதும். பனலில் தொடங்கிப் பற்றறியில் முடியுங்கோ. இடையில் எதையும் தாண்டாதீர்கள்.

1. முதலில் பனல்

பனலைச் சுற்றில் இருந்து கழற்றி, நல்ல வெயிலில் இரண்டு முனையிலும் வோல்ற் பாருங்கோ. "12 வோல்ற் பனல்" என்று விற்கிறதில் 36 செல் இருக்கும். சும்மா இருக்கும்போது 19 முதல் 22 வோல்ற் வரை காட்டவேண்டும். பிறகு மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, அதே முனைகளில் பிடியுங்கோ. 10 வாற் பனல் உச்சி வெயிலில் ஏறக்குறைய அரை அம்பியர் தரும். பனலை இப்படி நேராக அளப்பதால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் பற்றறியில் இதைச் செய்யவே கூடாது. மீற்றரின் பியூஸ் போய்விடும், கையும் சுடும்.

வோல்ற் சரி, அம்பியர் குறைவு என்றால் பனலை அண்ணாந்து பாருங்கோ. எங்கள் ஊரில் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, செம்மண் தூசியும் காக்கை எச்சமும். விடியற்காலையில் பனல் சூடாக முன்னம் ஈரத்துணியால் துடையுங்கோ. மற்றது வாழையிலை நிழல். செல் எல்லாம் வரிசையாகக் கோர்த்திருப்பதால், ஒரே ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் முழுப் பனலும் படுக்கும். தோட்டத்து வாய்க்காலில் ஓரிடத்தில் மண் அடைத்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாதே, அதுபோலத்தான்.

நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குக் கிட்ட. ஆகவே பனல் தெற்குப் பார்த்து 10 பாகை சரிந்திருந்தால் போதும். தகரத்தில் ஒட்டிப் படுக்கவைக்காமல், அடியில் காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விடுங்கோ. பனல் சூடானால் வோல்ற் இறங்கும். காலையில் நன்றாக ஏறி மத்தியானம் மந்தமாகிற சார்ஜருக்கு இதுதான் பெரும்பாலும் நோய்.

2. வயரும் மூட்டும்

மீற்றரின் சிவப்பு வயரைத் திரும்ப வோல்ற் துளைக்கு மாற்றி, பனலையும் சுற்றில் தொடுங்கோ. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது, பனலின் நேர் முனையில் மீற்றரின் ஒரு வயரையும், சார்ஜர் பலகையின் நேர் நுழைவில் மற்றதையும் வையுங்கோ. ஒரே வயரின் இரண்டு நுனிதானே, 0.2 வோல்ற்றுக்குக் கீழேதான் காட்டவேண்டும். அரை வோல்ற், ஒரு வோல்ற் என்று காட்டினால் இடையில் மூட்டு கெட்டிருக்கிறது. எதிர் முனைப் பக்கமும் இப்படியே பாருங்கோ.

பலகையைத் திருப்பி ஒரு பூதக்கண்ணாடியால் ஈயப் பற்றுகளைப் பாருங்கோ. நல்ல பற்று மினுங்கும், காலைச் சுற்றிக் கூம்பாக ஏறி நிற்கும். கெட்டது மங்கி, உருண்டை கட்டி, காலைச் சுற்றி மயிர் போன்ற வளைய வெடிப்போடு இருக்கும். அதைத் திரும்பச் சூடாக்கிப் புது ஈயம் வைத்தால் சரி.

3. ரெகுலேற்றர்

எழுத்து உங்களைப் பார்க்க எல்எம்317ஐப் பிடித்தால், இடது கால் சரிசெய்யும் கால், நடுக்கால் வெளியீடு, வலது கால் நுழைவு. 7812 ரெகுலேற்றருக்குப் பழகினவர்கள் இடதை நுழைவென்று நினைத்து மாறிக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, இதன் முதுகில் இருக்கிற உலோகத் தகடும் வெளியீடுதான். எதிர் முனை தொடுத்த தகரப் பெட்டியில் அதை நேராக முறுக்கினால் குறுக்குச் சுற்றாகிவிடும். மைக்கா தகடும் பிளாஸ்ரிக் வளையமும் போட்டு முறுக்குங்கோ.

அளவு வைப்பதற்குப் பற்றறியைக் கழற்றி, அது இருந்த இடத்தில் 1000 ஓம் தடை ஒன்றைப் பிடித்து வோல்ற் பாருங்கோ. எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கிற மூடிய பற்றறிக்கு 25 பாகைச் சூட்டில் 13.5 முதல் 13.8 வோல்ற் வரை என்பது வழமை. சூடு கூடக்கூட இந்த அளவு குறையவேண்டும். யாழ்ப்பாணத்து வெக்கைக்கு 13.5 பக்கமாகவே வையுங்கோ. கூட வைத்தால் பற்றறி உள்ளே காய்ந்து, வயிறு ஊதிவிடும்.

4. டயோட்

டயோட் இருக்கவேண்டிய இடம் ரெகுலேற்றருக்கும் பற்றறிக்கும் நடுவில். வெள்ளைக் கோடு பற்றறிப் பக்கம். சிலர் பனலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இரவில் பற்றறி ஏன் இறங்குகிறது என்று தேடுவார்கள். அங்கே வைத்தால், ரெகுலேற்றரின் அளவுத் தடைகள் வழியாகப் பற்றறி இரவு பகலாக ஒழுகிக்கொண்டிருக்கும். 240 ஓம், 2400 ஓம் என்று வைத்த சுற்றில் அது ஏறக்குறைய 5 மில்லி அம்பியர். நாளொன்றுக்கு 120 மில்லி அம்பியர்-மணி. மாரியில் நாலைந்து நாள் வெயில் தெரியாவிட்டால் அந்த ஒழுக்கு உறைக்கும். பொழுதுபட்ட பிறகு மீற்றரை மில்லி அம்பியரில் வைத்து, சார்ஜருக்கும் பற்றறிக்கும் இடையில் தொடுத்துப் பாருங்கோ. ஒன்றுமே இல்லையென்று சொல்லக்கூடிய அளவுதான் காட்டவேண்டும்.

5. கடைசியில் பற்றறி

முழுதாக ஏற்றி, கழற்றி, ஒரு இரவு வைத்துவிட்டுப் பாருங்கோ. 12.7 வோல்ற்றுக்கு மேல் என்றால் சுகமாக இருக்கிறது. 10.5க்குக் கிட்ட நின்றால் ஒரு அறை செத்துவிட்டது. பார்க்கிறதுக்கு நல்லதாகத் தெரிந்தால், வாகனத்தின் 21 வாற் பிரேக் பல்ப்பை ஒரு நிமிடம் எரியவிடுங்கோ. 11 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் அதற்குள் பலம் இல்லை. ஏற்றத் தொடங்கிச் சில நிமிடத்திலேயே 13.5க்குப் பாய்ந்து, கழற்றினதும் விழுகிற பற்றறி உள்ளே சல்பேற் படிந்தது. மாதக்கணக்காக ஏற்றாமல் மூலையில் போட்டால் அப்படித்தான் வரும்.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கோ. 7 அம்பியர்-மணிப் பற்றறி வெறுமையானால் 10 வாற் பனலுக்கு அதை நிரப்ப இரண்டு மூன்று நல்ல வெயில் நாள் வேண்டும். ஒரே நாளில் நிரம்பவில்லை என்பது பிழை அல்ல.

கட்டாயம் கவனிக்க

- பற்றறியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் பியூஸ் போடுங்கோ.
- வேலை தொடங்க முன்னம் காப்பு, மோதிரம், சங்கிலியைக் கழற்றுங்கோ.
- ஏறுகிற பற்றறியில் இருந்து ஐதரசன் வரலாம். மூடின அலுமாரிக்குள் வைக்காதீர்கள், விளக்கோ நுளம்புத்திரியோ கிட்ட வேண்டாம்.
- லித்தியம் பற்றறியை இந்தச் சுற்றில் தொடுக்கவே வேண்டாம். அதற்குரிய சார்ஜர் வேறு.
- செத்த பற்றறியைத் தோட்டத்து வேலியோரம் எறியாதீர்கள். எங்கள் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுகிறது எல்லாம் கிணற்றுக்குத்தான் இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வேதனையைக் கண்டவர்கள் நாங்கள். ஈயம் அதைவிடக் கொடிய நஞ்சு. பழைய பற்றறி வாங்குகிறவரிடம் கொடுங்கோ, காசும் வரும்.

அளந்த எண்ணை எல்லாம் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கோ. அடுத்தமுறை பிழை வரும்போது எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தங்கச்சிமாரே, இது அண்ணன்மாரின் வேலை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். மீற்றரைப் பிடிக்கிற கை யாருடையது என்று கறண்ட் பார்ப்பதில்லை.